பூச்சிகளுக்கு மட்டும் அனுமதி

வெள்ளைக் காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு யாராவது நம் கொல்லையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். இல்லாவிட்டால் ஒதுங்க இடம் தேடுகிறார்கள். கனகம்மாசத்திரத்தில் சென்னை–திருப்பதி ரோட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறவன் நான். இந்த இரண்டு வகை ஆட்களையும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அன்றைக்கு வந்த அம்மாள் இரண்டிலும் சேரவில்லை. வரப்பில் செருப்போடு நடந்து வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து, என் கொல்லைப் பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

பொம்மை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சவுக்குக் கழி, வயிற்றுக்கு வைக்கோல், தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பழைய சட்டி, மேலே என் பழைய கோடு போட்ட சட்டை. ஆடியில் வேர்க்கடலை விதைத்த நாளிலிருந்தே மயில் தொல்லை. திருத்தணி மலைக்காரனின் வாகனம். கல்லெடுத்து அடிக்க மனசும் வராது, சட்டமும் விடாது. மயில் அவனுடையது, கடலை என்னுடையது என்று அதற்குப் புரியவைக்கத்தான் பொம்மையை நட்டேன். அதற்குப் புரியவில்லை. பொம்மையின் தோளிலேயே உட்கார்ந்து கொல்லையை மேற்பார்வை பார்த்தது.

புரட்டாசிக்குள் பொம்மைக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சட்டைப் பையில் குளவி மண் கூடு கட்டியது. காலில் கரையான் மண்ணைப் பூசிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. வைக்கோல் வயிற்றில் கட்டெறும்பு. சட்டிக்குள் கொசுத்தேனீ புகுந்து வாசலில் அரக்கினால் குழாய் வைத்தது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே சிலந்தி வலை. பொம்மை மொத்தத்தில் என்னைவிடக் கொஞ்சம் சதை பிடித்துவிட்டது.

"இதை யார் செஞ்சது?" என்றார் அந்த அம்மாள்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் வந்து, இந்த மாடு யாருது, இந்த போர் யாரு போட்டது, இந்தச் சுவர் யாரு கட்டினது என்று எதைக் கேட்டாலும் முதலில் 'நான் இல்லீங்க' என்று சொல்லிவிட வேண்டும். நல்ல விஷயமாக இருந்தால் அப்புறம் மெதுவாக ஒப்புக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"நான் இல்லீங்க."

"அப்ப யாரு?"

விடமாட்டார் போலிருந்தது. என் பெயரை வேறு கேட்டார். சும்மா தெரிஞ்சிக்கத்தான் என்றார். சும்மா ஒரு பேரைத் தெரிந்துகொண்டு யாராவது என்ன செய்வார்கள்? கஜபதி என்று சொல்லித் தொலைத்தேன். மறுபடியும் "யார் செஞ்சது?" என்றார். அந்த நேரம் பார்த்து குளவி ஒன்று மண் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சட்டைப் பைக்குள் நுழைந்தது.

"இதோ, இந்தப் பூச்சிங்கதாங்க. அதுங்களே ஏதோ கட்டிகினு கீதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அந்த அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். புல்லரித்திருந்தது. "மனுஷக் கையே படாம..." என்று முணுமுணுத்துக்கொண்டே காருக்கு ஓடினார். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

அடுத்த வாரம் ஒரு மினி லாரி வந்தது. நாலு பேர் இறங்கி என் கொல்லையைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார்கள். ரோட்டோரம் ஒரு பலகை நட்டார்கள். 'உயிர்ச்சூழல் சிற்ப வாரியம். படைப்புப் பணி நடைபெறுகிறது. பூச்சிகளுக்கு மட்டும் அனுமதி. மனிதர் நுழைந்தால் நடவடிக்கை.' பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வீராசாமி என்கிற வாட்ச்மேனை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

"இன்னாங்க இது? என் கொல்லைங்க" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும்? யாரும் உள்ள போகக்கூடாதுன்னாங்க. உக்காந்துகினு கீறேன்" என்றார் வீராசாமி. நல்ல மனிதர்தான். ஆனால் எந்த நல்ல மனிதரையும் எனக்குச் சட்டென்று நம்ப வராது.

கடலை முற்றுகிற நேரம். ஒரு காயை உடைத்தால் ஓட்டின் உள்பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் பிடுங்கியாக வேண்டும். மழை விழுந்து நாலு நாள் விட்டால் போச்சு, மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். முளைத்த கடலையை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். என் மனைவி சுதா ஆடியிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் களை எடுத்து வளர்த்த பயிர். அது வலைக்கு அந்தப் பக்கம் நின்றது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம்.

ஊரில் ஒருத்தரும் என்னை நம்பவில்லை. பக்கத்துக் கொல்லை தேசப்பன் வரப்பில் நின்று கண்ணடித்தான்.

"இன்னா நைனா, கமுக்கமா கொல்லைய வாரியத்துக்குக் குடுத்துட்டியா? எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அடப்பாவி, நான் எங்கடா குடுத்தேன்? அவங்களே கட்டிட்டாங்கடா!"

"ஆங், கட்டுவாங்க கட்டுவாங்க. சும்மா வந்து கட்டறதுக்கு நீ இன்னா கோயிலா?"

களை எடுத்த நாளெல்லாம் குனிந்தே இருந்த சுதா, வலைக்கு வெளியே நின்றபோதுதான் பொம்மையை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேறு சந்தேகம். "அந்தக் கோடு போட்ட சட்டை எங்கம்மா வீட்டுல எடுத்துக் குடுத்தது. பீரோவுலதான் கீதுன்னு சொன்னியே. பொம்மை மேல எப்பிடி வந்துச்சு?" என்று மூன்று நாள் பேசவில்லை. கொல்லை போய்விட்டதே என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், இவளுக்குச் சட்டை.

தாலுகா ஆபீசில் போய்க் கேட்டேன். நிலம் என்றால் நாங்கள் பார்ப்போம், பூச்சி என்றால் அது வேளாண்மை என்றார்கள். வேளாண்மையில், பூச்சியைக் கொல்வதற்கு மட்டும்தான் எங்களிடம் வழி இருக்கிறது என்றார்கள். கடைசியில் வாரியத்துக்கே போனேன்.

வாரியம் திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை அவ்வளவு பெரிது. அது ஜன்னல்களை எல்லாம் மறைத்துவிட்டதால் உள்ளே பகலிலேயே லைட் எரிந்தது. வாசலில் கொசுவலைக் கதவு. அதைத் திறந்து நான் நுழைந்ததும், பின்னாலேயே ஒரு ஈ வந்துவிடப்போகிறது என்று பியூன் கதவைப் படாரென்று சாத்தினார். உள்ளே தலைவர் முனைவர் பிரேம்குமார் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கொசு அடிக்கிற கரண்டு மட்டை. பக்கத்தில் அன்றைக்குப் படம் எடுத்த அம்மாள். பெயர் நிர்மலா, வாரியத்தின் கள அலுவலர்.

"வாங்க" என்றார் தலைவர். "உங்க ஊர் பாக்கியம் செஞ்ச ஊரு. ஒரு சின்ன உயிர், நம்ம கண்ணுக்கே தெரியாத உயிர், அதுவும் நம்ம சக படைப்பாளிதான். இந்தப் பணிவுதான் எங்க வாரியத்தோட..." மட்டையை வீசினார். பட்டென்று பொறி பறந்தது. "...அடிப்படைத் தத்துவம்."

"ஐயா, கடலை முத்திடுச்சுங்க. பிடுங்கணும். மழை வந்தா மண்ணுலயே முளைச்சிடும்."

"யாரோட கடலை?" என்றார் நிர்மலா.

"என்னுதுங்க."

"அது சிற்பத்தோட பீடம். பீடத்தைத் தனியாப் பிரிக்க முடியாது. சிற்பத்தை நான் செய்யலைன்னு நீங்களே சொன்னீங்க."

"அது வந்துங்க, பயத்துல சொல்லிட்டேன். நான்தாங்க செஞ்சேன். சட்டைகூட என்னுதுதான். வேணும்னா என் பொண்டாட்டியக் கேளுங்க, மூணு நாளா பேசலை."

தலைவர் மட்டையை மேசைமேல் வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா, பூச்சி செஞ்சதுன்னு சொல்லி வாரியத்தை ஏமாத்தியிருக்கீங்க" என்றார் நிர்மலா.

"ஐயோ, இல்லீங்க!"

"அப்ப பூச்சிங்க உழைப்பை இப்ப உங்க பேர்ல போட்டுக்கப் பாக்கறீங்க. ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்லீங்க."

"மூணாவதா ஒண்ணு எங்க விதியில இல்லையே" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மனசு விட்டுச் சொல்றேன். இந்த வாரியம் ஆரம்பிச்ச நாளா இதுவரைக்கும் நாங்க ஒரு சிற்பம்கூட செஞ்சதில்ல. ஏன்? இயற்கைக்கு நாங்க குடுத்த மரியாதை அது. ஆனா மேல இருக்கறவங்களுக்கு அது புரியல. எங்கய்யா உங்க சிற்பம்னு கேக்கறாங்க. இப்ப உங்க கொல்லையில ஒண்ணு கெடச்சிருக்கு. அதையும் நீங்க செஞ்சதுன்னு சொன்னா, நாங்க எங்க போவோம்?"

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பொம்மை எனக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட அதிகமாக அவர்களுக்கு வேண்டியிருந்தது. இனி விடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பமானது. குளவி உள்ளூர்க் குளவியா, நகரிப் பக்கத்து மாந்தோப்பிலிருந்து வந்த ஆந்திரக் குளவியா என்று நிர்மலாவுக்குச் சந்தேகம். வெளிமாநிலக் கலைஞர் என்றால் விதி வேறாம். குளவியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவரச் சொல்லி வீராசாமிக்கு உத்தரவு. மனிதர் டிவிஎஸ் வண்டியில் போய் மதியம் திரும்பி வந்து, "உள்ளூருதான் மேடம், நான் கண்ணால கண்டேன்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் தனியாக, "நான் குளவிய எங்க கண்டேன்? நகரியில பொங்கல் நல்லா இருந்துச்சு, சாப்ட்டு வந்தேன்" என்றார். சிலந்தி விஷயத்தில் வாரியம் இன்னும் கறார். அதற்குக் கால் எட்டு, ஆகவே பூச்சி அல்ல, ஆகவே அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்த அந்நியர். ஒரு நீளமான குச்சியால் வலையைக் கலைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் அது அங்கேயே கட்டியிருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

குளவிக் கூட்டால் இன்னொரு வம்பு. எங்கள் பக்கத்தில் குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை உண்டாகும் என்று சொல்வார்கள், கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். தேசப்பன் மனைவி வசந்தி வலைக்கு வெளியே நின்றுகொண்டு சுதாவைச் சீண்டினாள்.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு சட்டையில குளவி கூடு கட்டிகீது! அதுவும் மண்ணு கூடு. மண்ணுன்னா ஆம்பளப் புள்ள, அரக்குன்னா பொம்பளப் புள்ள. பேரு யோசிச்சிட்டியா?"

"சீ போடி! என் பொண்ணு காலேஜி படிக்குது, எனக்கு இந்த வயசுலயா?" என்று சுதா சிரித்தாள். சட்டை விவகாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பின்னால் நிர்மலா நின்றிருந்தார். முகம் மாறிவிட்டது. "என்ன சொன்னீங்க? பிறக்கப்போற குழந்தை ஆணா பெண்ணான்னு சொல்றது சட்டப்படி குற்றம், தெரியுமா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? குளவிதான் சொல்லுது" என்றாள் வசந்தி.

அதுதான் தப்பாகிவிட்டது. வாரியத்தின் முதன்மைச் சிற்பி சட்டவிரோதக் காரியத்தில் ஈடுபட்டால் வாரியத்துக்குக் கெட்ட பெயர். மறுநாள் குளவிக் கூட்டின் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'இங்கு பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது.' குளவி அந்த அட்டையிலும் கொஞ்சம் மண் அப்பிவிட்டுப் போனது.

நான் நாலு முறை மாடி ஏறி இறங்கியதில் வாரியம் இரங்கியது. கடலையைப் பிடுங்குவதில் பூச்சிகளுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ஒரு நோட்டீஸ் பொம்மையின் காலில் ஒட்டினார்கள். அழகான தமிழில் எழுதியிருந்தது. மூன்று நாளில் கரையான் அதைச் சுத்தமாகத் தின்றுவிட்டது. பலத்த ஆட்சேபணை என்று வாரியம் எடுத்துக்கொண்டது. என் மனு தள்ளுபடி.

ஐப்பசி பிறந்தது. தெற்கே கருமேகம் கூடியது. ஒரு நாள் சாயங்காலம் தூறல் போட்டு மண் நனைந்தது. நாலாம் நாள் காலையில் வலைக்கு அடியில் கையை விட்டு ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பதினைந்து இருபது காய்கள் கொத்தாகத் தொங்கின. அதில் ஒரு காயின் மூக்கிலிருந்து வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுதா அந்தக் காயை என் கையிலிருந்து பிடுங்கி உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மழை. அவ்ளோதான். எல்லாம் போச்சு" என்றேன்.

"நீ அன்னிக்கு 'நான் இல்ல'ன்னு சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே நிர்மலாவிடமிருந்து போன். சிற்பத்துக்குத் திறப்பு விழாவாம். ஏற்கெனவே திறந்த வெளியில் மூன்று மாதமாக நிற்கிற பொம்மைக்கு என்ன திறப்பு என்று கேட்டேன். முதலில் துணி போட்டு மூடுவார்களாம். "ஊர் மக்கள் கூட்டம் வேணும், கஜபதி. உங்க ஒத்துழைப்பைப் பொறுத்து கடலை விஷயத்தை அடுத்த கூட்டத்துல பரிசீலிப்போம்" என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்றேன். தை மாதம் என்றார்.

விழா மேடையை வலைக்கு முன்னால், ரோட்டைப் பார்க்கப் போட்டார்கள். பின்னால் துணி கட்ட ஆள் ஏறியபோது தலைவர் தடுத்தார். பின்னணியில் சிற்பம் தெரியவேண்டும், படத்துக்கு நன்றாக இருக்கும் என்றார். ஆக, மேடையில் இருப்பவர்களுக்கு முதுகுப் பக்கம் என் கொல்லை. கீழே நாற்காலியில் இருப்பவர்களுக்கு மேடைக்கு மேலாக என் கொல்லை முழுவதும் தெரியும். பொம்மைக்கு மட்டும் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள்.

நான் வீராசாமியைத் தேடினேன். பலகைக்கு அடியில் அவர் இல்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இன்னாண்ணே, காவலுக்கு இல்லியா?"

"நாற்காலிங்கள பாத்துக்கச் சொல்ட்டாங்கபா. வாடகை நாற்காலியாம். உங்க ஊருக்காரங்க தூக்கிகினு போய்டுவாங்களாம். கொல்லையாண்ட இன்னிக்கு எனக்கு டூட்டி கெடையாது." ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுதா என் பக்கத்தில் நின்றாள். அவர் சொன்னதை அவளும் கேட்டாள். அவள் நேராகத் தேசப்பனிடம் போனாள்.

"தேசப்பா, எங்க ரெண்டு பேரு மேல இன்னும் சந்தேகமாத்தான் கீதா?"

"இல்லண்ணி, அது சும்மா..."

"அப்ப வா. வசந்தியையும் கூட்டிகினு வா. முன்வரிசை மட்டும் உக்காரட்டும், மிச்சம் பேரு வலைக்குள்ள. கை தட்டறப்ப இழுங்க, சத்தம் கேக்காது. உள்ள இழுக்கறவங்களுக்கு முதுகு வலிச்சா முன்வரிசை மாத்திக்கட்டும்."

நிர்மலா மைக்கில் வரவேற்புரை தொடங்கினார். வலையின் பின்பக்கக் கட்டு அவிழ்ந்தது. முன்தினம் மறுபடியும் தூறியதில் மண் பொதபொதவென்று இருந்தது, இழுத்த இழுப்புக்குச் செடி கையோடு வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உள்ளே போய், வெளியே வந்து, ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் ஒரு பேச்சு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே! இந்த மண்ணைப் பாருங்கள். இங்கே யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் கூலி கேட்கவில்லை. வரிசை வரிசையாக, குனிந்த தலை நிமிராமல் உழைக்கிறார்களே, அவர்கள் யார்?"

அவருக்குப் பின்னால் தேசப்பனும் வசந்தியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை கண் கொட்டாமல் அவருடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கூட்டம் தலைவருக்கு அதுவரை வாய்த்ததில்லை போலும். மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"உழைப்பவனைத் தொந்தரவு செய்யாதிருப்பதே நிர்வாகம்! அவன் பெயர் நமக்குத் தெரியவேண்டியதில்லை. அவன் என்ன தின்கிறான் என்று நாம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம்! அவன் செய்து முடித்ததும் போய் நின்று படம் எடுத்துக்கொள்வதே நம் கடமை!"

பலமான கைதட்டல். கொல்லையில் ஒரு வரிசை காலியானது.

பாதிக் கொல்லை பாக்கி இருக்கும்போது தலைவர் "இறுதியாக" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சுதாவைத் தேடினேன். அவள் ஷாமியானாவுக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, புதுக்கடலையை அலசி உப்புப் போட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நாலு தட்டில் ஆவி பறக்க எடுத்துக்கொண்டு நேராக மேடை ஏறினாள்.

"ஐயா, எடுத்துக்கங்க. நல்லாப் பேசறீங்க, இன்னும் கொஞ்சம் பேசுங்கய்யா. எங்க ஊர்ல இப்பிடி யாரும் பேசினதே இல்ல" என்றாள்.

தலைவர் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது. "இறுதியாக, நான் குறிப்பிட விரும்புவது..." என்று மறுபடியும் தொடங்கினார். அதற்குப் பிறகு நாலு முறை 'இறுதியாக' வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு போனது.

நிர்மலா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். ஒரு காயில் பச்சை இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கடலை எங்க வாங்கினீங்க?"

"மார்க்கெட்லதாங்க" என்றாள் சுதா.

நிர்மலா மெல்லத் திரும்பினார். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டார். செடிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வசந்தி அப்படியே நின்றுவிட்டாள். நிர்மலா வசந்தியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மேடையோரம் கட்டிய பேனரில் பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். 'கண்டறிந்தவர்: நிர்மலா.' பிறகு முன்பக்கம் திரும்பி, ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "சார், அடுத்து நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. கொஞ்சம் விரிவாவே பேசுங்க" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தலைவர் சிற்பத்தைத் திறக்கத் திரும்பினார். பட்டுத் துணி போர்த்திய பொம்மை நின்றது. அதைச் சுற்றிச் சிவப்பு மண் புரண்டு கிடந்தது. ஒரு செடி இல்லை. மயில் ஒன்று நடந்து நடந்து உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. மேடை முழுக்கக் கடலை ஓடு. தலைவர் கையில் பாதி உடைத்த கடலை ஒன்று இருந்தது.

"செடி எல்லாம் எங்க?" என்றார். மைக் அணைக்கவில்லை, ரோடு முழுக்கக் கேட்டது. "யார் பிடுங்கினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், நகத்தில் மண்.

"நான் இல்லீங்க" என்றேன். "பூச்சிங்கதாங்க."

தலைவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த கடலையைப் பார்த்தார். நிர்மலா அவர் காதருகே குனிந்தார். "ஐயா, உள்ள பூச்சிகளுக்கு மட்டும்தான் அனுமதி. வேற யாராவது போனாங்கன்னு சொன்னா, நம்ம காவல் சரியில்லன்னு ஆகும்."

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! சிற்பத்தின் இரண்டாம் கட்டம்! ஒரே பிற்பகலில், நம் கண் முன்னாலேயே, ஒரு நிலத்தையே வெறுமையாக்கிக் காட்டியிருக்கிறார்கள் நம் சிற்பிகள்! இது உலகில் எங்கும் நடக்காதது!" கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகளிலிருந்து மண் உதிர்ந்தது. சிற்பிகளுக்கு ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். குளவிக்குப் பக்கத்தில் போகத் தலைவருக்குத் தைரியம் இல்லை, நிர்மலாவுக்கும் இல்லை. சுதாதான் போய்ப் பட்டுத் துணியை எடுத்துவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினாள். திரும்பி வரும்போது அந்தக் கோடு போட்ட சட்டையின் காலரை ஒருமுறை தடவிவிட்டு வந்தாள்.

எல்லோரும் கிளம்புகிறபோது தலைவர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கண்ணாடியைப் பாதி இறக்கினார். மைக் குரல் போய், சாதாரண மனிதக் குரல் வந்திருந்தது.

"கடலை ரொம்ப ருசிப்பா. அந்தப் பூச்சிங்ககிட்டச் சொல்லி, டிக்கியில ஒரு மூட்டை போடச் சொல்லேன்."

இவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்கு அன்றைக்கும் சந்தேகம், இன்றைக்கும் சந்தேகம். எனக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில் செடி மலைபோல் குவிந்திருந்தது. சுதாவும் வசந்தியும் உட்கார்ந்து காயைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்றேங்கய்யா" என்றேன். "மொதல்ல நோட்டீஸ் ஒட்டிடுங்க. அதுங்க ஏதாவது ஆட்சேபணை சொல்லுதான்னு பாக்கணும் இல்லீங்களா?"

கண்ணாடி மேலே ஏறியது. கார் திருத்தணிப் பக்கம் திரும்பிப் போனதும் நானும் போய் சுதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பறிக்க ஆரம்பித்தேன்.